எட்டாவது சுற்றில் யார் நிற்பார்?

ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்குக் குத்து பலம்?" அதை மட்டும் நம்பிச் சொன்ன பெரிய பெரிய கணிப்புகள் மண்ணைக் கவ்வியிருக்கின்றன.

1964 பிப்ரவரியில், மயாமியில் சன்னி லிஸ்டனை எதிர்த்து நின்றார் 22 வயது காசியஸ் கிளே. பிறகு முகமது அலி ஆனவர் அவர்தான். பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் 7-க்கு 1 என்றார்கள். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழவே இல்லை. பத்து ஆண்டு கழித்து கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன். 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃப்ரேசியர், கென் நார்டன் இருவரையுமே இரண்டே சுற்றில் முடித்தவர். அவரை எட்டாவது சுற்றில் அலி சாய்த்தார். கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டே எதிராளியின் தெம்பைக் கரைத்த கதை ஊரறிந்தது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. எதிராளிகளைச் சீக்கிரம் சாய்த்துப் பழகிய ஃபோர்மனுக்கு நீண்ட சுற்றுகளின் பழக்கம் விட்டுப்போயிருந்தது. 37 நாக் அவுட் என்ற கணக்கிலேயே அந்தப் பலவீனமும் ஒளிந்திருந்தது.

இதைக் கள்ளக்குறிச்சியில் காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் வட்டத்தில் அம்பாகப் பாய்ந்தவன் மூன்றாவது வட்டத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன், முதல் வட்டத்தில் கடைசி ஆளாகவே ஓடுவான். வாய் மூடியிருக்கும், தோள் தளர்ந்திருக்கும். கடைசி 300 மீட்டரில்தான் அவன் யாரென்று தெரியும். மைதானத்தில் இதைக் கண்டுபிடிக்கிற அதே பிள்ளைகள், செல்போனில் குத்துச்சண்டை பார்க்கும்போது மட்டும் கையின் பருமனைப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார்கள்.

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு வடசென்னையின் குத்துச்சண்டை நம் ஊர் டீக்கடைப் பேச்சாகவும் ஆயிற்று. அந்தப் படத்தில் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரனின் கால்களை ரசிக்காதவர் யார்? கணிக்க உட்காரும்போதும் அந்தக் கால்களைத்தான் பார்க்க வேண்டும்.

2024 மே 18, ரியாத். டைசன் ஃபியூரி 6 அடி 9 அங்குலம், கிட்டத்தட்ட 119 கிலோ. ஒலெக்சாண்டர் உசிக் அவரைவிட அரை அடி குள்ளம், 17 கிலோ குறைவு. நடுச்சுற்றுகளில் ஃபியூரி கை ஓங்கியபோது எடைதான் ஜெயிக்கும் என்றே தோன்றியது. ஆனால், உசிக்கின் கால் நிற்கவில்லை. ஒன்பதாவது சுற்றில் அவருடைய இடது கைக் குத்துகளில் ஃபியூரி தள்ளாடிக் கயிற்றில் விழ, நடுவர் எண்ணத் தொடங்கினார். தீர்ப்பு 115-112, 114-113 என இரண்டு நடுவர்களிடம் உசிக்குக்கு. மூன்றாமவர் 114-113 என ஃபியூரிக்குக் கொடுத்தார். ஒன்பதாவது சுற்றில் நடுவர் எண்ணிய அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் முடிவே மாறியிருக்கும். டிசம்பரில் நடந்த மறுசண்டையில் மூன்று நடுவர்களுமே 116-112 என்று உசிக் பக்கம் நின்றார்கள்.

அப்படியானால் காலையும் மூச்சையும் பார்த்தால் போதுமா? போதாது. 90 கிலோவைத் தாண்டிய உடம்பிலிருந்து வரும் ஒரே குத்து எல்லாக் கணக்கையும் அழிக்கும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசன் தோற்பார் என்பதற்கு 42-க்கு 1 கொடுத்தார்கள். ஜேம்ஸ் டக்ளஸ் எட்டாவது சுற்றில் தானே கீழே விழுந்து, எழுந்து, பத்தாவதில் டைசனைச் சாய்த்தார். பந்தயக்காரர்கள் சொல்லும் எண் சண்டையின் கணிப்பு மட்டும் அல்ல. ஊரார் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற கணக்கும் அதில் கலந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்குத் தடை வந்த பிறகும் திருட்டுச் செயலிகளில் அந்த எண்ணை நம்பிக் கூலிக் காசைக் கட்டும் இளைஞர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. தயவுசெய்து கட்டாதீர்கள் தம்பிகளே.

காசில்லாமல் கணியுங்கள், அதில்தான் ருசி. யார் ஜெயிப்பார் என்பதோடு நிறுத்தாமல், எப்படி, எந்தச் சுற்றில் என்றும் எழுதிவையுங்கள். ஆறாவது சுற்று முடிந்து இருவரும் முக்காலியில் உட்காரும்போது குத்து வாங்கிய முகத்தைப் பார்க்காமல் வாயைப் பாருங்கள். ஏழாவது மணி அடித்ததும் யாருடைய முன்கை தாடைக்குக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் கணிப்பை அங்கே திருத்திக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது.