தொண்டை அடைப்பான்: பள்ளி வயதில் மறந்துபோகும் ஊசிகள்

தொண்டையில் படியும் படலம்

டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான், சாதாரணத் தொண்டை வலியாகத்தான் தொடங்கும். இலேசான காய்ச்சல், விழுங்கச் சிரமம், சோர்வு. இரண்டு மூன்று நாட்களில் சாம்பல் நிறப் படலம் படியும். சுரண்டினால் ரத்தம் கசியும். சிலருக்குக் கழுத்து புடைத்து வீங்கும். படலம் குரல்வளைக்கு இறங்கினால் மூச்சடைக்கும்.

அதைவிட அஞ்ச வேண்டியது நஞ்சு. கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிட, அது சுரக்கும் நஞ்சு ரத்தத்தில் கலந்து இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்குகிறது. தொண்டை ஆறிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருவது, அண்ணத்து நரம்பு செயலிழந்ததன் அடையாளம்.

நஞ்சுமுறி மருந்து

குதிரை ரத்தத்திலிருந்து தயாராகும் நஞ்சுமுறி மருந்து, ரத்தத்தில் சுற்றும் நஞ்சை மட்டுமே முறிக்கும். செல்களுக்குள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. ஆகவே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சந்தேகம் வலுத்ததுமே கொடுத்துவிடுகிறார்கள். கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக் தனியே வேண்டும்.

எந்த ஊசி விட்டுப்போகிறது?

பிறந்து 6, 10, 14 வாரங்களில், டிப்தீரியா தடுப்பும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் 5 வயது முடிந்ததும் முத்தடுப்பு ஊசி. இதுவரை பெற்றோர் ஓரளவு கவனமாக இருக்கிறார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா ஊசிதான் பல வீடுகளில் நினைவிலேயே இருப்பதில்லை. குழந்தைப் பருவத்து ஊசியின் பலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். 1990-களில் சோவியத் ஒன்றியம் சிதறி உருவான நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரை இந்நோய் தாக்கியது. அவர்களில் பெரியவர்கள் ஏராளம். 2016-இல் கேரளத்தின் மலப்புரத்தில் பரவியபோது பதின்வயதினரும் பாதிக்கப்பட்டார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலேயே முத்தடுப்பு ஊசி தயாராகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். இவ்வளவு இருந்தும் ஒரு பிள்ளை இந்நோயால் சாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டில் ஒருவருக்கு வந்தால்

இருமல், தும்மல் வழியே பரவுவதால், நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் தருவார்கள். விடுபட்ட ஊசியையும் போடுவார்கள். குணமானவருக்கும் தடுப்பூசி உண்டு. ஒருமுறை வந்துபோனதாலேயே போதிய எதிர்ப்பு சக்தி உருவாகிவிடும் என்று சொல்ல முடியாது.