கழுத்துப்பட்டையில் ஒரு நினைவுப் பொருள்

கோலா பிலா பட்டணத்தில் சீனக் கட்டடக் கலையில் அமைந்த பழைய நினைவு வளைவு ஒன்று உள்ளது. நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து, 1897-இல் காலமான மார்ட்டின் லிஸ்டரின் நினைவாக இவ்வட்டாரச் சீனர்கள் எழுப்பியது அது. உயர்ந்த பதவியில் இருந்தவருக்குக் கல்லில் நினைவுச் சின்னம் அமைந்தது. சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சுவரில் மாலையிட்ட ஒரு படமும், இரும்புப் பெட்டிக்குள் மடித்து வைத்த சில துணிமணிகளுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன.

படத்தை என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். துணிகளை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். இறந்தவரின் உடைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று கருதும் குடும்பங்கள் உண்டு. கருமாதி முடிந்ததும் அவற்றைக் கொடுத்துவிடுவார்கள் அல்லது எரித்துவிடுவார்கள். அதே வேளையில், பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழைய சேலையில் ஏணை கட்டுவதும் நம் வழக்கம்தான். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன அந்தச் சேலை குழந்தையின் உடலை உறுத்தாது. பாட்டி கையில் ஏந்தியதைப் போன்றது என்ற எண்ணமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆக, பழந்துணி நமக்கு வேண்டாத பொருளுமன்று, வெறும் பொருளுமன்று.

பழந்துணியை வெட்டி இணைத்துப் புதியதொன்றாக்கும் கலை பல நாடுகளில் உண்டு. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் ‘காந்தா’ என்னும் போர்வை செய்தார்கள். அதற்கு வேண்டிய நூலைக்கூடச் சேலையின் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கதை, தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இன்னும் நெருக்கமானது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணி தம் கணவர் நத்தானியல் இறந்தபின், 1942-இல், அவர் வயலில் உடுத்திய காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைத்துக்கொண்டே அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அவருடைய மகள் அர்லோன்சியா உடனிருந்து உதவினார். அச்செய்தியைப் பின்னாளில் அவரே உலகுக்குச் சொன்னார். வெயிலில் வெளுத்த இடங்களையும் வேலையில் தேய்ந்த இடங்களையும் மிசௌரி மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அது யாருடைய உடை என்பதே தெரியாமல் போயிருக்கும். அவ்வூர்ப் போர்வைகள் 2002 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

நம் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் உடைகள் இப்படி எஞ்சியது குறைவு. இரப்பர்ப் பால் கறை துணியை விட்டுப் போகாது. கிழியும்வரை அதையே உடுத்துவார்கள், கிழிந்தபின் அது கரித்துணியாகிவிடும். பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தவை திருவிழாச் சட்டை, பட்டு வேட்டி, கழுத்துப்பட்டை போன்றவையே. தோட்டத்துத் தமிழாசிரியர், அலுவலகக் கிராணி, மருந்தக டிரஸர் ஆகியோரின் வீடுகளில் கழுத்துப்பட்டைகள் கிடைக்கும். பள்ளி முகப்பில் எடுத்த பழைய குழுப்படங்களைப் பாருங்கள்: நடுவில் அமர்ந்திருப்பவரின் கழுத்தில் அது இருக்கும்.

அப்படி ஓர் ஆசிரியர் விட்டுச்சென்ற பத்துக் கழுத்துப்பட்டைகள் உங்கள் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து நினைவுத் தலையணை உறை ஒன்றைத் தைக்கலாம். அதற்கு முன், கழுத்துப்பட்டை எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரணச் சட்டைத்துணி நூலோட்டத்தின் நேர்க்கோட்டில் வெட்டப்படும். கழுத்துப்பட்டைத் துணியோ 45 பாகைச் சாய்வில் வெட்டப்படுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டோர்ஃப் என்பவர் 1920-களில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். முடிச்சுப் போட்டு நாள் முழுவதும் இறுக்கி வைத்தாலும் அது முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். அணிபவருக்கு நன்மையாக இருந்த அதே குணம் தைப்பவருக்குத் தொல்லையாகிறது. பிரித்த துணியை அப்படியே தைத்தால் அது ஊசிக்கடியில் இழுபட்டு வளைந்துவிடும்.

ஆகவே, வேலை கத்தரிக்கோலில் தொடங்குவதில்லை. பட்டையின் பின்புறத்தில் நீளமாக ஓடும் தளர்தையலை முதலில் பிரியுங்கள். பெரும்பாலும் ஒரே நூல்தான். ஒரு முனையை வெட்டி மெல்ல உருவினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தடித்த உள்துணியை எடுத்துவிடுங்கள். பிரித்த துணிகளைத் தனித்தனியே குளிர்ந்த நீரில், மென்மையான சவர்க்காரம் கொண்டு அலசுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. சேர்த்து ஊறவைத்தால் எல்லாமே பாழாகும். நிழலில் உலர்த்தியபின், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். பிறகு, சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணியைப் பின்புறத்தில் ஒட்டுங்கள். தையல் பொருள் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். இதை ஒட்டியதும் துணி நீள்வது நின்றுவிடும்.

அமெரிக்கப் பெண்கள் ‘டிரெஸ்டன் தட்டு’ என்றழைக்கும் சக்கர வடிவம் கழுத்துப்பட்டைக்கு மிகவும் பொருந்தும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரப் பீங்கான் தட்டுகளை நினைத்து வைத்த பெயர் அது. இருபது இதழ்கள் சேர்ந்து ஒரு சக்கரமாகும். வட்டத்தின் 360 பாகையை இருபதால் வகுத்தால் ஓர் இதழுக்கு 18 பாகை. 40 செண்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்திற்கு, தையலுக்குரிய 6 மில்லிமீட்டரையும் சேர்த்து, ஓர் இதழின் நீளம் 16.2 செண்டிமீட்டர், மேல் அகலம் 7.7, கீழ் அகலம் 2.6 செண்டிமீட்டர். இந்த அளவில் அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டு, துணியின்மேல் வைத்துக் கோடு போடுங்கள். ஒரு பட்டையிலிருந்து இரண்டு இதழ்களுக்கு மேலும் கிடைக்கும். பத்துப் பட்டைகள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இங்கே கணக்கு தவறினால் துணி காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு தையலிலும் 1 மில்லிமீட்டர் பிசகினால், இருபது தையலில் பிழை பெருகிவிடும். சக்கரம் தட்டையாக அமராமல் கிண்ணம்போல் குழிந்தோ அலையலையாகவோ நிற்கும். எனவே, முதலில் பழைய படுக்கை விரிப்பில் ஒருமுறை தைத்துப் பார்ப்பது நல்லது. தைத்து முடித்த சக்கரத்தை 45 செண்டிமீட்டர் உறைத்துணியின்மேல் வைத்து, ஓரத்தை மடித்துக் கையால் தையுங்கள். நடுவிலுள்ள துளையை, அவருடைய சட்டையிலிருந்து வெட்டிய ஒரு வட்டத்தால் மூடிவிடலாம்.

கறைகளைப் போக்க அதிகம் முயல வேண்டாம் என்பது என் கருத்து. முடிச்சு விழுந்த இடத்தில் துணி பளபளவென்று தேய்ந்திருக்கும். மடிப்பில் வெண்சுண்ணத் தூளும் ஒட்டியிருக்கலாம். கடையில் புதிதாக வாங்கும் பட்டுத்துணியில் இவை இரா. அவ்விடங்களை ஓரத்தில் ஒதுக்காமல், கண்ணில் படும்படி இதழின் நடுவில் வைத்து வெட்டுங்கள்.

தைப்பதைக் காட்டிலும் கடினமான வேலை ஒன்று உண்டு. அது வீட்டாரிடம் கேட்பது. வெட்டிய துணியை மீண்டும் கழுத்துப்பட்டையாக்க முடியாது. பேத்திக்கு அழகிய கைவேலையாகத் தோன்றுவது, பாட்டிக்குக் கணவரின் உடைமையைச் சிதைப்பதாகத் தோன்றலாம். பெரியப்பா ஒருவர் அதில் ஒன்றைத் தம் மகன் திருமணத்திற்கு அணியவென்று மனத்தில் குறித்து வைத்திருக்கலாம். இன்னொருவருக்கு அவற்றை வீட்டில் வைத்திருப்பதே பிடிக்காமல் இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, உறவினர் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிய குடும்பங்களில் எல்லாரும் ஒன்றுகூடுவது பெரும்பாலும் திதி நாளில்தான். அன்று பெட்டியைத் திறந்து எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். துணி பெட்டியிலேயே காத்திருக்கும்.

அனைவரும் இசைந்தாலும் ஒரு பட்டையை மட்டும் வெட்டாமல் வையுங்கள். எது என்பதைப் பாட்டியே தேர்ந்தெடுக்கட்டும். உறையின் பின்புறத்தில் அவருடைய பெயரையும், பணியாற்றிய தோட்டத்துப் பள்ளியின் பெயரையும், தைத்த ஆண்டையும் நூலால் எழுதிவிடுங்கள். அந்தப் பள்ளி இப்போது வேறிடத்திற்கு மாறியிருந்தாலும் பழைய பெயரையே எழுதுங்கள்.