திருப்பதி லட்டு நெய்: ‘எஸ் வேல்யூ’ சொன்னது என்ன, சொல்லாதது என்ன?

முந்தைய ஆட்சியில் திருப்பதி லட்டுக்கான நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்ததாக 2024 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு சொன்னார். ஆதாரமாகக் காட்டப்பட்டது, குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரிய ஆய்வகத்தின் ஜூலை மாத அறிக்கை.

நெய்க்கும் மற்ற கொழுப்புக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கிளிசரால், அதோடு மூன்று கொழுப்பு அமிலங்கள். இதுதான் டிரைகிளிசரைடு. நெய், பாமாயில், பன்றிக் கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் இதுதான். எந்த அமிலம், எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். நெய்யில் 4 கார்பன் கொண்ட குட்டியான பியூட்டிரிக் அமிலம் இருக்கும். பாமாயிலில் 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் அதிகம்.

எஸ் வேல்யூ என்றால்?

டிரைகிளிசரைடுகளை அளவுவாரியாகப் பிரித்து, அந்த விகிதங்களைச் சூத்திரத்தில் போடுவார்கள். சுத்தமான பால் கொழுப்பு என்றால் விடை 100-ஐ ஒட்டி வரும். திருப்பதி மாதிரியில் அது வரம்பைத் தாண்டியது.

அப்போ மாட்டுக் கொழுப்பு கலந்தாங்களா?

இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாமாயிலுக்கும் மாட்டுக் கொழுப்புக்கும் ஒரே சூத்திரம்தான். மாட்டுக்குத் தீவனம் போதாவிட்டாலோ, தீவனத்தில் தாவர எண்ணெய் மிக அதிகமானாலோகூட எண் மாறலாம். அறிக்கையிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது.

அதாவது, சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது; எந்தக் கொழுப்பு என்பது அந்த அறிக்கையால் முடிவாகவில்லை. அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட் வந்தால், அடிக்குறிப்பையும் படிங்க.