விடியலுக்கு முன் வரும் காற்று

சித்திரை பிறக்கும் வேளையில் சிங்கப்பூரின் நான்கு நாள் வானிலை முன்னறிவிப்பைத் திறந்தால், நான்கு கட்டங்களிலும் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும்: கறுத்த மேகம், அடியில் ஒரு மின்னல் கீற்று. பிற்பகலில் இடியுடன் கூடிய மழை. இதைச் சொல்ல ஒரு வானிலை ஆய்வகம் வேண்டுமா என்று சலித்துக்கொள்பவர்கள் சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில், உட்லண்ட்ஸை ஒட்டிய மார்சிலிங்கிலும் உண்டு. அந்தச் சலிப்பு நியாயமில்லை.

ஐரோப்பாவில் ஏப்ரலில் பருவம் தப்பிப் பனி பெய்யப்போகிறது என்றால் மூன்று, நான்கு நாள் முன்பே சொல்லிவிட முடிகிறது. அங்கே குளிர்காற்றும் வெப்பக்காற்றும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு முட்டி மோதியபடி நகர்ந்து வருகின்றன. சென்னையை நோக்கி வரும் புயலையும் வங்கக்கடலில் நாள்கணக்கில் பின்தொடரலாம். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் புயல் சுழலத் தேவையான பூமிச் சுழற்சியின் விசை மிகக் குறைவு. 2001 டிசம்பர் 27 அன்று ஜோகூரில் கரையேறிய வாமெய் புயல் அபூர்வத்திலும் அபூர்வம்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை இங்கே பருவக்காற்று மாறும் இடைக்காலம். காற்று தளர்ந்து கிடக்கும். வெயில் நிலத்தைச் சுட்டதும் கடற்காற்று உள்ளே புகுந்து மோத, மேகம் தலைக்கு மேலேயே எழும்பி, ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். உட்லண்ட்ஸில் சாலை வெள்ளக்காடாகத் தெரியும்போது லிட்டில் இந்தியாவில் வெயில் காயும். ஈசூன் பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் பங்குனி உத்திரக் காவடிகள் நனையுமா என்று நான்கு நாள் முன்பு யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஆய்வகம் தீவை 47 வட்டாரங்களாகப் பிரித்து இரண்டு மணி நேர முன்னறிவிப்பும் தருகிறது. அதில் மார்சிலிங் என்ற பெயர் இருக்காது. உட்லண்ட்ஸைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் தலைகாட்டத் தொடங்கும் சுமத்ரா சூறைக்காற்று வேறு வகை. இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையின் மேலோ இடிமேகங்கள் ஒரே வரிசையாகத் திரண்டு, கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ சிங்கப்பூரைக் கடக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். 2024 செப்டம்பர் 17 மாலை வந்த ஒன்று தெங்காவில் 83.2 கிலோமீட்டரைத் தொட்டது. தீவெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன.

மார்சிலிங்குக்கு இந்தக் காற்று வரும் நேரம்தான் பெரிய கவலை. அதிகாலை ஐந்து மணிக்கு ஜோகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கி மோட்டார்சைக்கிள்கள் அணிவகுக்கும். ஓட்டுபவர்களில் மலேசியத் தமிழர்கள் ஏராளம். இரண்டையும் இணைக்கும் ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தில் இருபுறமும் தண்ணீர். பக்கவாட்டில் அடிக்கும் காற்று மழைக்கோட்டுக்குள் புகுந்து உப்பச் செய்து வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளும். ஹெல்மெட் கண்ணாடியில் வழியும் நீரில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே மங்கலாகத் தெரியும். அதே நேரத்தில் தொழிலாளர் விடுதிகளிலிருந்து லாரிகளும் கிளம்புகின்றன. தொழிலாளர் ஏறும் லாரிகளுக்கு 2023 ஜனவரி முதல் மழை மறைப்பு கட்டாயம். மறைப்பு மழையைத் தடுக்கும். வழுக்கும் சாலையில் அது எதையும் தடுக்காது.

இத்தனைக்கும் இந்தக் காற்று சொல்லாமல் வருவதில்லை. முந்தின நாள் இரவே, விடிகாலையில் காற்றுடன் இடிமழை என்ற குறிப்பு 24 மணி நேர முன்னறிவிப்பில் பல நேரம் இருக்கும். எழுந்தவுடன் ஆய்வகத்தின் ரேடார் பக்கத்தில் 240 கிலோமீட்டர் வீச்சுள்ள படத்தைப் பாருங்கள். நீரிணையின் மேல் மஞ்சளும் சிவப்புமாக வில்போல் வளைந்த பட்டை தெரிந்தால் அதுதான். அரை மணி கழித்து மறுபடி பார்த்தால் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதும் புலப்படும்.

ஆனால் பட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? வருகைப் பதிவில் ஒரு மணி நேரம் தவறினால் பலருக்கு அன்றைய சம்பளத்தில் துண்டு விழும். காற்று பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று முதலாளிகள் ஏப்ரல் தொடங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் ரேடாரைப் பார்த்த மேற்பார்வையாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.