உவர்க் கிணற்று நீரும் மாதவிடாய்க் கறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் சிறியவற்றில் ஒன்றான எழுவைதீவில் ஒரு துணியைத் துவைக்க எண்ணும் எவரும், சவர்க்காரத்தைத் தேடுமுன் எந்தத் தண்ணீரில் துவைப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆறோ அருவியோ இல்லாத இத்தீவகத்தில் ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மாரி மழையே நன்னீருக்கு மூலம். அம்மழைநீர் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கி, தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்கி நிற்கிறது. கோடை முற்ற முற்ற அப்படலம் மெலிந்து, கீழிருக்கும் உவர்நீர் கிணறுகளுக்குள் ஏறிவிடுகிறது. உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும் படும் மாதவிடாய்க் கறையை அகற்றும் வழிகளைக் கூறும் நூல்களும் விளம்பரங்களும் பெரும்பாலும் குழாயைத் திறந்தால் மென்மையான நன்னீர் வரும் வீடுகளை மனத்திற்கொண்டே எழுதப்படுவதால், அவற்றின் அறிவுரைகள் இத்தகைய ஊர்களில் பாதியளவே பயன்படுகின்றன.

மாதவிடாயின்போது வெளியேறுவது முழுவதும் இரத்தமன்று. இரத்தத்தோடு கருப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் இழையமும் கருப்பைக் கழுத்தில் சுரக்கும் வழுவழுப்பான சீதமும் கலந்திருக்கின்றன. ஒரு சுற்றில் இழக்கப்படும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர் வரையிலேயே இருக்கும். ஆயினும் சில துளிகளே ஒரு விரிப்பில் அகலமாகப் பரவிவிடுவதால் கண்ணுக்கு அது மிகுதியாகத் தோன்றுகிறது. கறையின் நிறத்துக்குக் காரணம் செங்குழியங்களுக்குள் இருக்கும் ஈமோகுளோபின் எனும் புரதமாகும். இப்புரதம் தன்னுள் இரும்பு அணுக்களைக் கொண்டது. ஈரமாயிருக்கும்போது செந்நிறமாகத் தெரியும் அது, காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் கபில நிறத்துக்கு மாறுவதோடு, உலர உலர நூலிழைகளையும் இறுகப் பற்றிக்கொள்கிறது.

கறை அகற்றுவதில் மிகுதியாக நேரும் பிழை சுடுநீரைப் பயன்படுத்துவதே. எண்ணெய்க்கும் அழுக்குக்கும் வெந்நீர் உதவுவதால் இரத்தத்துக்கும் உதவும் என்று கருதப்படுகிறது. ஆனால், முட்டையின் வெண்கரு சூடுபட்டதும் இறுகி மறுபடி கரையாத தன்மையை அடைவதைப் போலவே, இரத்தத்தின் புரதங்களும் வெப்பத்தில் உருக்குலைந்து நூலோடு ஒட்டி நின்றுவிடுகின்றன. ஆகவே கறை முற்றாக நீங்கும்வரை அத்துணிக்குத் தேவையானது குளிர்ந்த நீர் மட்டுமே. கறை எஞ்சியிருக்கும் துணியை இஸ்திரி போடுவதும் உச்சி வெயிலில் சுட வைப்பதும் அதே தீங்கைச் செய்யும். தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ முதலிலேயே இடுவதும் தவறு, ஏனெனில் அமிலமும் புரதத்தை இறுகச் செய்யும்.

இனிக் கிணற்று நீருக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கும் மழைநீர் கல்சியத்தையும் ஓரளவு மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இவ்வுலோகங்கள் மிகுந்த நீர் வன்னீர் எனப்படும். கட்டிச் சவர்க்காரம் வன்னீரில் நுரைக்காமல், கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்ணிறப் படிவாகத் திரிகிறது. நீரின் மேல் மிதக்கும் அப்படிவு துணியின் இழைகளுக்குள்ளும் புகுந்து, அங்கே எஞ்சியிருக்கும் புரதத்தையும் நிறத்தையும் மூடிக் காக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் கறையின் ஓரம் மஞ்சள் வளையமாக நிலைத்துவிடுவதற்கும் வெள்ளை விரிப்புகள் காலப்போக்கில் பழுத்துச் சொரசொரப்பாகிவிடுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். துவைப்பவரின் கைவேலை குறைவு என்று அவரைக் குறை சொல்வது அநியாயமானது.

ஆனால் அதே உவர்நீர் முதல் அலசலுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இரத்தத்தின் புரதங்களுள் குளோபுலின் எனப்படும் வகை உப்பே இல்லாத தூய நீரில் எளிதில் கரைவதில்லை, சிறிதளவு உப்புள்ள நீரில் கரைகிறது. நன்னீர் வசதியுள்ள வீடுகளில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பிட்டு ஊறவைக்கச் சொல்வது இதனாலேயே. தீவகத்தின் கோடைக் கிணறுகள் அவ்வுப்பைத் தாமே கொண்டிருக்கின்றன. எனவே தண்ணீர் அரிதான இடத்தில் வேலையை இரண்டு நீருக்குப் பகிர்ந்து கொடுப்பதே அறிவார்ந்த வழி: கறையைக் கரைத்து வெளியேற்றும் பணியை உவர்க் கிணற்று நீருக்கும், சவர்க்காரமிட்டுக் கழுவும் பணியையும் இறுதி அலசலையும் மழைநீருக்கோ கிடைக்கும் நன்னீருக்கோ விடுவது. இவ்வாறு செய்யும்போது சேமித்துவைத்த நன்னீரில் அரை வாளியளவே செலவாகும்.

செய்முறை கடினமானதன்று. கறை பட்டவுடன், அல்லது கண்டவுடன், துணியைத் திருப்பிப் பிடித்துக் கறையின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த கிணற்று நீரை ஊற்ற வேண்டும். முன்புறத்தில் ஊற்றித் தேய்த்தால் கறை இன்னும் ஆழமாக இழைகளுக்குள் செல்லும். பிறகு அதே நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நீர் சிவக்கச் சிவக்க மாற்றி, நிறம் இறங்குவது நின்ற பின்னரே மழைநீரில் நனைத்துச் சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கசக்கி அலசலாம். மழைநீர் கைவசமில்லாத ஆனி, ஆடி மாதங்களில் கட்டிச் சவர்க்காரத்தை விடச் சலவைத்தூள் மேலானது, ஏனெனில் அதிலுள்ள செயற்கைச் சலவைப்பொருள்கள் கல்சியத்தோடு சேர்ந்து அவ்வளவாகப் படிவதில்லை. ஒரு வாளி கிணற்று நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துச் சிறிது நேரம் விட்டால் கல்சியம் அடியில் படிந்து நீர் மென்மையாகும். மேல்நீரை மட்டும் வார்த்தெடுத்துத் துவைக்கலாம். அழுக்கு நீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் தொலைவிலுள்ள வாழைக்கோ தென்னைக்கோ விடுவது இன்றியமையாதது, ஏனென்றால் வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல் ஊற்றியதையெல்லாம் வடிகட்டாமலே கிணற்றுக்குத் திருப்பி அனுப்பும்.

உலர்ந்து பழகிய கறைக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் நொதியம் சேர்ந்த சலவைத்தூள்கள் கடைகளில் கிடைக்கின்றன. நொதியம் என்பது உயிரினங்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள். அத்தூளைக் கரைத்த நீரில் துணியை இரவு முழுவதும் ஊறவைத்தால் பெரும்பாலான பழங்கறைகள் இளகிவிடும். பட்டும் கம்பளியும் தாமே புரத நூல்கள் ஆதலால் அவற்றுக்கு இது ஆகாது. மருந்துக் கடையில் விற்கும் 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டைச் சில துளிகள் விட்டால் கறை பொங்கி நுரைக்கும். இரத்தத்திலுள்ள ஒரு நொதியம் அதைச் சிதைத்து ஒட்சிசனை வெளிவிடுவதாலேயே அந்நுரை எழுகிறது. அது சாயத்தையும் வெளிறச் செய்யக்கூடும் என்பதால் நிறத்துணிகளில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. எல்லாம் முடிந்தபின் எஞ்சும் இலேசான துருமஞ்சள் இரும்பினால் வருவது. அந்நிலையில்தான் தேசிக்காய்ச் சாறு பயன்படும். குளோரின் கலந்த வெளிற்றி துருமஞ்சளை நிலைப்படுத்திவிடுவதோடு, அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயுவையும் உண்டாக்கும்.

மெத்தையில் நீரை ஊற்றக்கூடாது. குளிர்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியொற்றி எடுத்து, உப்பைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரத்தின்பின் துடைத்துக் காற்றாட விட்டால் போதும்.

இவ்வேலை நெடுங்காலம் யார் தலையில் சுமத்தப்பட்டிருந்தது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. யாழ்ப்பாணச் சமூகத்தில் பூப்பெய்திய பெண்ணின் உடுப்பையும் துடக்கு, அதாவது தீட்டு, எனக் கருதப்பட்ட நாள்களின் துணிகளையும் எடுத்து வெளுத்து, மாற்றுத் துணி கொடுக்கும் கடமை சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் மீது, குறிப்பாக அக்குடும்பங்களின் பெண்கள் மீது, சாதியின் பெயரால் சுமத்தப்பட்டது. கறையை நீக்கும் நுட்பங்களில் மிகுந்த தேர்ச்சி அவர்களிடமே இருந்தும், அத்தேர்ச்சிக்கு அறிவு என்ற மதிப்பு கிடைக்கவில்லை, தீட்டைத் தொடுபவர்கள் என்ற பெயரே கிடைத்தது. துடக்கு என்ற எண்ணம் இன்றும் வேறொரு வடிவில் தீங்கு செய்கிறது: மாதவிடாய்த் துணிகளைப் பிற உடுப்புகளின் அடியிலோ இருட்டறையிலோ மறைத்துக் காயப்போடும் வழக்கத்தால் அவை முழுமையாக உலராமல் பூஞ்சணமும் கிருமிகளும் வளர இடமளிக்கின்றன. கறை நீங்கிய துணிக்கு வெயிலைப் போன்ற மருந்து வேறில்லை. சூரிய ஒளியின் புறவூதாக் கதிர்கள் எஞ்சிய நிறத்தையும் வெளுக்கச் செய்து கிருமிகளையும் அழிக்கின்றன.

அணையாடைக்குப் பதிலாகத் துணி பயன்படுத்துவது அறியாமையின் அடையாளம் என்று கருதுவோரும் உளர். இலங்கையில் இறக்குமதியாகும் அணையாடைகளின் மீதான வரிகள் 2018 வரை மொத்தத்தில் நூறு வீதத்தையும் தாண்டியிருந்தன, அவ்வாண்டில் குறைக்கப்பட்ட பின்னரும் 60 வீதத்துக்கு மேலேயே நின்றன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் விலைகள் மேலும் ஏறின. கடைச் சரக்கு படகில் வந்து சேரும் ஒரு தீவில் ஒரு பொதியை அளந்து பயன்படுத்தும் பெண்ணுக்கு, உரிய நேரத்தில் மாற்ற முடியாமற் போவதும் அதனால் உடுப்பில் கறை படுவதும் கவனக்குறைவல்ல. நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி பாதுகாப்பானதே.

ஒரு மணி நேரத்துக்கொரு முறை அணையாடையை மாற்ற வேண்டியிருந்தாலோ, இரத்தப்போக்கு ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தாலோ, பெரிய கட்டிகள் வெளியேறினாலோ அது துவைத்துத் தீர்க்கும் விடயமன்று. அப்பெண் குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மாரி தொடங்குமுன் கூரைப் பீலியைச் சுத்தம் செய்து, மூடியுள்ள ஒரு பீப்பாவில் மழைநீரைப் பிடித்து, அதில் ஒரு பங்கை இத்துவைப்புக்கென ஒதுக்கி வைப்பதும், முற்றத்துக் கொடியில் மாதவிடாய்த் துணிகளுக்கும் வெயில் படும் இடத்தை விட்டுக்கொடுப்பதும் ஆண்கள் உட்பட வீட்டார் அனைவரும் ஏற்க வேண்டிய பொறுப்புகளாகும்.