தாலி ஏறியது, விசா வரவில்லை!

மூலக்குளத்தில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கலியாணம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வாசலில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன். லீவு முடிந்து பாரிசுக்குப் பறந்துவிட்டார். பெண் இங்கே தனியாக இருக்கிறாள்.

அவளுடைய தாய்மாமன் வருகிறார். "அக்கா, எதற்குக் கவலை? டூரிஸ்ட் விசாவில் அனுப்பி வையுங்கள். மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்!" என்கிறார்.

நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால், அது பெண்ணைச் சிக்கலில் மாட்டிவிடும்.

புதுவைக்கு மட்டும் ஏன்?

1954 நவம்பர் 1-ந் தேதி புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதன்பின் ஏற்பட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ந் தேதி அமுலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்பியவர்கள், 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் இடம் இருந்தது. பலர் எழுதிக் கொடுத்தார்கள். 'சொல்தா' குடும்பங்கள் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அவர்களில் பலர் இப்படி வந்தவர்கள்தான். அவர்களுடைய பேரன், பேத்திகளுக்கு இன்றும் இங்கே பெண் எடுக்கிறார்கள்; மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

90 நாள் கணக்கு

டூரிஸ்ட் விசா என்பது விருந்தாளிக்குக் கொடுக்கும் விசா. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதற்குமேல் தங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. 'நாட்டைவிட்டுப் போ' என்று உத்தரவு வரலாம்.

"அங்கேயே விசாவை மாற்ற முடியாதா?" என்று கேட்பீர்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு சிறு வழி உண்டு. முறையான விசாவில் உள்ளே போயிருக்க வேண்டும். திருமணம் பிரான்சிலேயே நடந்திருக்க வேண்டும். அங்கே 6 மாதம் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

நம் பெண்ணுக்குத் தாலி ஏறியது மூலக்குளத்தில்! ஆகவே அந்த வழி அவளுக்கு இல்லை. அங்கே திருமணம் செய்பவர்களுக்கும் சிக்கல்தான். விசா 3 மாதம். கேட்பதோ 6 மாதம். நடுவே உள்ள 3 மாதம் கையில் காகிதம் இல்லாத காலம்.

திருமணத்தை மறைத்து டூரிஸ்ட் விசா வாங்குவது அதைவிட ஆபத்து. பொய் சொன்னது பதிவாகிவிட்டால், பிறகு மனைவி என்று கேட்கும்போதும் சந்தேகம் வரும்.

நேர்வழி எது?

முதல் வேலை, கலியாணப் பத்திரிகை அடிக்குமுன்பே தொடங்குகிறது. திருமணத்துக்குத் தடை இல்லை என்ற சான்றிதழைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்க வேண்டும். அதற்காகத் திருமண அறிவிப்பை 10 நாள் ஒட்டி வைப்பார்கள்.

அடுத்து, திருமணத்தை இங்கே முறைப்படி பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன்பின் மனைவி என்ற முறையில் நீண்டகால விசாவுக்கு மனுப் போடலாம்.

பிரான்சு போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அந்த விசாவை இண்டர்நெட்டில் பதிந்து உறுதி செய்ய வேண்டும். இதை மறந்துவிடக் கூடாது.

இதில் ஒரு தைரியம் உண்டு. மோசடி, செல்லாத திருமணம், பொது அமைதிக்கு ஆபத்து என்ற காரணங்கள் இருந்தால்தான் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கோ கணவனுக்கோ இந்த விசாவை மறுக்கலாம். சட்டமே அப்படிச் சொல்கிறது. இவ்வளவு பலமான உரிமை கையில் இருக்கும்போது, விருந்தாளி வேடம் எதற்கு?

பெண்ணைப் பெற்றவர்களே! மாப்பிள்ளையின் சம்பளத்தையும் சீர்வரிசையையும் பேசும் அன்றே, "சான்றிதழுக்கு எப்போது மனுப் போடுகிறீர்கள்?" என்றும் கேட்டுவிடுங்கள். சில மாதம் காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால், போன பெண் கண்ணீரோடு திரும்பி வருவது அதைவிடப் பெரிய கஷ்டம்.