கூப்பிட்டால் வராத நாய்!

பிடிவாதமா? காது கேளாமையா?

கம்மாபுரத்தில் ஒரு குடும்பத்தார் ஆசையாக ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பால் போன்ற வெள்ளை நிறம். ரோஜா நிற மூக்கு. 2005-ம் ஆண்டு இந்தியத் தபால் தலையில் இடம்பெற்ற இனம் அது.

ஆனால், கூப்பிட்டால் குட்டி வருவதில்லை. அதட்டினாலும் திரும்புவதில்லை. தூங்கும்போது தொட்டால் கடிக்கப் பாய்கிறது!

"திமிர் பிடித்த நாய்" என்று வீட்டுக்காரர் குச்சியை எடுக்கிறார்.

பொறுங்கள்! அந்த நாய்க்குக் காது கேட்காமல் இருக்கலாம்.

காரணம் என்ன?

ராஜபாளையம் நாய்களில் சில, பிறவியிலேயே செவிடு. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கவேண்டும். அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் சக்தி போய்விடும். வெள்ளை நாய்களிடம் இந்தக் குறை அதிகம்.

கண்டுபிடிப்பது எப்படி?

குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னால் தள்ளி நின்று தட்டைத் தட்டுங்கள். பல முறை செய்தும் காது அசையவில்லையா? கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

கை ஜாடையால் பழக்குங்கள். சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

தூங்கும் நாயைக் குழந்தைகள் தொட விடாதீர்கள். திடுக்கிட்டுக் கடித்துவிடும். கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெருவில் அவிழ்த்து விடாதீர்கள். லாரி வரும் சத்தம் அதற்குக் கேட்காது. அதைக் குட்டி போடவும் விடவேண்டாம். குறை அடுத்த தலைமுறைக்கும் வரலாம்.

காது கேளாத நாய் எப்போதும் எஜமானரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கையில் குச்சி வேண்டாம்!